கரைமேட்டுச் சைரனை யார் சுற்றுவது?

நான் ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் சிரித்துவிடுகிற என் பிரியமான மாமாவுக்கு,

நலமா என்று கேட்டால், "போன எடத்துல இன்னாம்மா நலம் பொலம்" என்பீர்கள். அதனால் கேட்கவில்லை. முந்தாநாள் நம் ஊர்த் திருவிழா முடிந்தது. சைரன் ஊதியதா, ஊர் படுத்ததா என்றுதானே முதலில் கேட்பீர்கள்? கடைசியில் சொல்கிறேன். அவசரப்பட்டீர்களானால் சொல்லவே மாட்டேன்.

இந்தக் கடிதத்தைக் காலனி சங்கத்து மலரில் போடப்போவதாகச் செக்ரட்டரி ராகவன் சார் சொல்லியிருக்கிறார். "எங்க மாமாவுக்கு எழுதறதை ஊரே படிக்கணுமா சார்?" என்றேன். "உங்க மாமா என்னைக்கும்மா ரகசியம் பேசியிருக்கார்? அவர் பேசினா பல்லாவரம் வரைக்கும் கேக்குமே" என்றார். அதுவும் சரிதான். ஊருக்குப் புதிதாக வந்தவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையே சில இடத்தில் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீட்டுச் செய்தி. தெரு முனையில் எஸ்.டி.டி. பூத் வந்துவிட்டது. நீங்கள் விற்ற நிலத்தில் மூன்று மாடிக் கட்டிடம் எழும்பிவிட்டது. அங்கே குடிவந்தவர்கள் திருநீர்மலைப் பெருமாளை மொட்டைமாடியில் நின்றே கும்பிட்டுவிடுகிறார்கள். அடையாற்றில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். காற்று பம்மல் பக்கமிருந்து அடித்தால் தோல் வாடை வருகிறது; நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்கிற அதே கெட்ட வார்த்தையை இப்போது உங்கள் பிள்ளை சொல்கிறார். அத்தைக்கு முட்டி வலி அதிகமாகியிருக்கிறது. வாய் மட்டும் அப்படியே இருக்கிறது, கடவுள் புண்ணியத்தில்.

இனி ஊர்க் கதை. உலக யுத்தம் நடந்த காலத்தில், ஜப்பான்காரன் வந்து குண்டு போட்டுவிடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது, பட்டாளத்துக்காரர்கள் நம் ஊரான கரைமேட்டின் ஆற்று மணலில் வந்து கூடாரம் அடித்தார்கள். மூங்கிலையும் சாக்குத் துணியையும் வைத்து ஏரோபிளேன்கள் செய்து மணலில் வரிசையாக நிறுத்தினார்கள். ஊருக்கென்று கையால் சுற்றுகிற சைரன் ஒன்று கொடுத்தார்கள். அது ஏறி இறங்கி ஊளையிட்டால் எல்லாரும் குப்புறப் படுக்க வேண்டும். ஒரே சீராக ஊதினால் எழுந்துகொள்ளலாம். இப்படி ஊரையே படுக்கவைத்து எழுப்பிப் பழக்கினார்கள். சைரன் சுற்றும் வேலையை, அப்போதுதான் மீசை அரும்பியிருந்த உங்களிடம் கொடுத்தார்கள்.

சண்டை முடிந்தது. நம் ஊரில் ஒரு குண்டும் விழவில்லை. எல்லாம் நம் அம்மன் செயல் என்று ஊர் முடிவு கட்டியது. பட்டாளம் விட்டுப்போன பிளேன்களில் ஒன்று மட்டும் மழைவெள்ளத்தில் போகாமல் தப்பியிருந்தது. மற்ற ஊர்களில் அம்மன் சிங்கத்தின் மேல் வருவாள், கரைமேட்டில் ஏரோபிளேன் மேல் ஏறிக்கொண்டாள். மூங்கிலை மாற்றி, துணியை மாற்றி, மூக்கில் பெரிய பொட்டு வைத்து, இறக்கையில் வேப்பிலை கட்டி இன்றைக்கும் அந்தப் பிளேன்தான். பஸ் கண்டக்டர்கூட "ஏரோபிளேன் கோயில் எறங்கு" என்றுதான் விசில் அடிக்கிறார்.

ஆடி மாதம் அம்மன் ஆற்று மணலுக்கு வரும்போது சைரன் ஊதும். ஊர் குப்புறப் படுக்கும். படுத்திருப்பவர்களுக்கு நடுவே ஆட்கள் தோளில் பிளேன் போகும். அம்மன் அக்கரை ஏறியதும் சைரன் சீராக ஊதும். எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு கூழ் குடிக்கப் போவோம். இது பட்டாளத்து டிரில்லா, சாமி காரியமா என்று கேட்டால் ஊரில் ஒருத்தருக்கும் பதில் தெரியாது. அப்படி ஒரு கேள்வி இருப்பதாகவே யாரும் நினைத்ததில்லை.

இதையெல்லாம் எனக்கு யார் சொன்னார்கள்? குரோம்பேட்டையில் பிறந்து, டெலிபோன் ஆபீஸுக்கு எலெக்ட்ரிக் ட்ரெயினில் போய்வந்துகொண்டிருந்தவள் நான். கல்யாணமாகி வந்த முதல் ஆடியில் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு மணலில் நிற்கிறேன். திடீரென்று நாய் ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தம். சுற்றியிருந்த ஜனமெல்லாம் தொப் தொப்பென்று விழுகிறது. ஐயோ, ஊருக்கே வலிப்பு வந்துவிட்டது என்று பதறிப்போனேன். "படும்மா, படு படு!" என்று அத்தை என் முந்தானையைப் பிடித்து இழுத்த இழுப்பில் நானும் விழுந்தேன். வாய் நிறைய மணல்.

வீட்டுக்கு வந்ததும் நீங்கள் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது. "எம்மா, ஊரே படுத்துகினு கீது, நீ மட்டும் லைட்டு கம்பம் மாறி நிக்கிறே. அம்மன் உன்னத் தாண்டி எப்பிடிம்மா போவா?"

எனக்கு வந்ததே கோபம். புது மருமகள் என்றுகூடப் பார்க்காமல் கத்திவிட்டேன். "யாராவது முன்னாடியே சொன்னாத்தானே மாமா தெரியும்! எங்க பக்கத்துல சாமி வந்தா எழுந்து நிப்போம். இங்க விழறீங்க! புடவை போச்சு!"

நீங்கள் சிரித்தீர்கள் பாருங்கள் ஒரு சிரிப்பு! "பொடவ போனா போவுது. வாய் நல்லா கீது ஒனக்கு. இந்த வூட்டுக்கு அதான் கொறச்சலா இருந்துச்சு" என்றீர்கள். அன்றையிலிருந்து நாம் கூட்டாளிகள் ஆகிவிட்டோம்.

உங்கள் பிள்ளை அன்றைக்கு அங்கே இல்லை. வருஷா வருஷம் திருவிழா அன்று அவருக்கு ஆபீஸ் வேலை வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமையில் என்ன இன்ஷூரன்ஸ் ஆபீஸ் என்று நீங்களும் கேட்டதில்லை. பாண்ட்டுக்குள் விட்ட சட்டையோடு மணலில் படுப்பது அவருக்கு வெட்கம். அது நமக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

ராகவன் சார் அந்தக் கூட்டத்தில் பேசியதை மறக்க முடியுமா? அவர் ஏர்ஃபோர்ஸில் இருந்து ரிட்டயர் ஆகி, நம் ஊரை ஒட்டின காலனியில் வீடு கட்டிக்கொண்டு வந்த புதுசு. திருவிழாவுக்குப் பணம் தருவதற்கு முன்னால் பிளேனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. கோயில் வாசலில் ஊர்க்காரர்களும் காலனிக்காரர்களும் கூடியிருந்தபோது, மனசு கேட்காமல் சொல்லிவிட்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. இது ஏமாத்து பிளேன். மேலேருந்து பார்க்கிற எதிரி, இதுதான் நிஜமான ஏரோட்ரோம்னு நினைச்சு இங்க குண்டு போட்டுட்டுப் போயிடணும். அதுக்காக வெச்சது. தாம்பரம், மீனம்பாக்கம் தப்பிக்கிறதுக்கு உங்க ஊரைத் தூண்டில் புழுவா வெச்சிருக்காங்க. அதைப் போய்க் கும்பிடறீங்களே?"

இத்தனை வருஷமாக நம்மைக் காப்பாற்ற வைத்த பிளேன் என்று நினைத்துப் பொட்டு வைத்தோமே, அது நம்மைச் சாகடிக்க வைத்ததா? எல்லாரும் உங்களைத்தான் பார்த்தார்கள். நீங்களோ வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தீர்கள்.

"அதான் தெரியுமே சார்" என்றீர்கள். "கேம்ப்புல சமையல் பண்ண ஆளு அப்பவே எங்கிட்ட சொல்லிட்டான்."

உங்கள் பங்காளி சிங்காரம் சின்ன மாமா குதித்தாரே! "தெரிஞ்சுகினே இத்தினி வருசமா வாயத் தொறக்காம இருந்தியா?"

"சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்ப? எருமைய தோள்ல தூக்கினு ஓடியிருப்பியா?" என்றீர்கள். அப்புறம் ராகவன் சாரிடம் திரும்பி, எவ்வளவு சாதாரணமாகச் சொன்னீர்கள்: "நம்ம தலையில வுழட்டும்னுதான் சார் வெச்சான். வுழுந்துச்சா? வுழலைல்ல? அதுக்குத்தான் சார் கூழு ஊத்துறோம். ஒக்காருங்க, ஒரு சொம்பு குடிங்க."

ராகவன் சார் குடித்தார். அந்த வருஷமே வெள்ளை பாண்ட்டோடு மணலில் படுத்தார். அதற்கப்புறம் யாராவது படுக்கச் சுணங்கினால் அதட்டுகிறவரே அவர்தான்.

மாமா, நீங்கள் போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. பங்குனி வெயிலில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்ந்தவர் காபிக்கு எழுந்திருக்கவில்லை. அழுதேன். இப்போதும் உங்கள் செருப்பு இருந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். அதை விடுங்கள், உங்களுக்கு அழுகிறவர்களைக் கண்டால் ஆகாது.

போன ஆடியில் நம் வீட்டில் துக்கம். நாம் திருவிழாவுக்குப் போகக் கூடாது. சைரனை யார் சுற்றுவது என்று கேள்வி வந்ததும், சிங்காரம் சின்ன மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்கிட்ட இல்லாத செட்டா? கேசட்டு போடறேன்" என்றார். பம்மலில் சவுண்டு சர்வீஸ் வைத்திருப்பவர் ஆயிற்றே. எங்கிருந்தோ சைரன் சத்தத்தைப் பிடித்து, கடையில் கிடந்த பழைய கேசட்டில் பதிந்துகொண்டு வந்தார்.

நான் வீட்டுக்குள் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். சைரன் ஊதியது. ஊர் படுத்தது. அம்மன் பாதி மணல் தாண்டவில்லை, சைரன் நின்று ஒரு டூயட் பாட்டு ஆரம்பித்துவிட்டது! பழசை முழுசாக அழிக்காமல் பதிந்திருக்கிறார் மனுஷன். குப்புறப் படுத்திருந்த ஜனத்துக்கு எழுந்திருப்பதா, படுத்திருப்பதா என்று புரியவில்லை. பாதிப் பேர் எழுந்தார்களாம், பாதிப் பேர் படுத்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்களாம். பிளேனைத் தூக்கியவர்களுக்குச் சிரிப்பில் தோள் ஆடி, அம்மன் ஒரு பக்கம் சாய்ந்தாளாம். நீங்கள் இருந்திருந்தால் சிரித்தே செத்திருப்பீர்கள்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஒரு வருஷம் இப்படிச் சிரித்தால் அடுத்த வருஷம் யாரும் படுக்க மாட்டார்கள் என்று தோன்றியது. உங்கள் சைரன் நம் வீட்டுக் கூடத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தது.

இந்த ஆடிக்குக் கூட்டம் போட்டார்கள். சின்ன மாமா புது ஆம்ப்ளிஃபயரோடு வந்தார். "போன வருசம் நடந்தது கேசட்டு தப்பு, எந்தப்பு இல்ல" என்று ஆரம்பித்தார். "சைரனு சுத்தறது அண்ணன் வூட்டு உரிமை. சேகரு சுத்தறேன்னா சுத்தட்டும். இல்லேன்னா சைரனை கோயிலுக்குக் குடுத்துடுங்க, கண்ணாடிப் பொட்டியில வெச்சு மாலை போட்டுடலாம். இனிமே கேசட்டுதான்."

உங்கள் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அவர் காது சிவந்திருந்தது. எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கண்ணாடிப் பெட்டியில் மாலையோடு அந்தச் சைரனை நினைத்துப் பார்த்தேன். உங்களுக்கு இரண்டாம் தடவை சாவு வருகிற மாதிரி இருந்தது.

"நான் சுத்தறேன்" என்றேன்.

"பொம்பளையா?" என்றார் சின்ன மாமா.

"பிளேன் மேல உக்காந்து வர்றது யாரு சின்ன மாமா? ஆம்பளையா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ராகவன் சார் மேஜையைத் தட்டினார். சின்ன மாமாவும் சிரித்துவிட்டார், ஆனால் விடவில்லை. "வாய்தான் ஒனக்கு சைரன்! சரி, சுத்து. உன் சத்தத்துக்கு ஊரு படுக்குதா பாப்போம். படுக்கலேன்னா சைரன் கண்ணாடிப் பொட்டிக்கு. சரியா?"

"சரி" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், மாமா, அந்தக் கைப்பிடி அசைந்துகொடுக்கவே மாட்டேன் என்கிறது! இத்தனை பாரத்தையா அந்த ஒல்லிக் கையால் சுற்றினீர்கள்? எண்ணெய் விட்டேன். பழகலாம் என்றால் அதுவும் முடியாது. சைரன் சத்தம் கேட்டால் ஊர் விழுந்துவிடுமே. போர்வையை மேலே போட்டு மூடிவிட்டு, கொல்லைப்புறத்தில் வைத்து மெதுவாக இரண்டே சுற்று சுற்றினேன். முனகுகிற மாதிரிதான் சத்தம் வந்தது. துவைக்கிற கல்லுக்குப் பின்னால் 'தொப்'பென்று கேட்டது. போய்ப் பார்த்தால் அத்தை! துவைத்துக்கொண்டிருந்த சோப்புத் தண்ணீரிலேயே குப்புறப் படுத்திருக்கிறார்கள்.

"அடிப்பாவி! சொல்லிட்டு சுத்தக் கூடாதா? முட்டி போச்சே!" என்று அத்தை கத்த, நான் தூக்கிவிட, இரண்டு பேரும் சோப்பில் வழுக்கி மறுபடி உட்கார்ந்து சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். தலையைத் துவட்டிக்கொண்டே அத்தை சொன்னார்கள்: "ஒண்ணும் பயப்படாத. அந்த சத்தத்துக்கு ஒடம்பு தானா வுழும். நான் யோசிச்சா படுத்தேன்?"

ஆனாலும் பயந்தேன், மாமா. திருவிழா அன்று காலையிலிருந்து கைப்பிடிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தேன். மணலில் என்றைக்கும் இல்லாத கூட்டம். ஃப்ளாட்டுக்காரர்கள் நாற்காலி கொண்டுவந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், ஏதோ டிராமா பார்க்கிற மாதிரி. இளவட்டங்கள் போன வருஷத்து டூயட்டைப் பாடிச் சிரித்தார்கள். சின்ன மாமா கையில் மைக்கோடு என் எதிரிலேயே வந்து நின்றார். உங்கள் பிள்ளை இந்த வருஷம் ஆபீஸ் போகவில்லை. கரைமேல் தள்ளி நின்றிருந்தார், சட்டையைப் பாண்ட்டுக்குள் விட்டுக்கொண்டு.

மேளம் நெருங்கியது. நான் கைப்பிடியைப் பிடித்துத் தம் கட்டிச் சுற்றினேன். முதல் சுற்றுக்கு உறுமியது. நாற்காலியில் யாரோ சிரித்தார்கள். ஒருவரும் படுக்கவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று கண் இருட்டியது. ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் சுற்றினேன். சத்தம் மெல்ல ஏறியது, ஏறி உச்சிக்குப் போனது, அங்கேயிருந்து இறங்கியது, மறுபடி ஏறியது.

முதலில் விழுந்தது யார் தெரியுமா? சிங்காரம் சின்ன மாமா! என்னைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் அப்படியே மைக்கோடு குப்புற விழுந்தார். ஸ்பீக்கரில் 'டொம்' என்று இடி விழுந்த மாதிரி கேட்டது. அவ்வளவுதான், ஊர் விழுந்தது. ராகவன் சார் விழுந்தார். நாற்காலிகள் சாய்ந்தன, ஃப்ளாட்டுக்காரர்கள் விழுந்தார்கள். அத்தை முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மண்டி போட்டார்கள். கரையிலிருந்து உங்கள் பிள்ளை ஓடிவந்தார். அத்தையைத் தாங்கிப் படுக்கவைத்துவிட்டு, பக்கத்திலேயே இஸ்திரி போட்ட சட்டையோடு மணலில் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டார்.

ஜெயித்துவிட்டேன் என்று துள்ள வேண்டும் போல இருந்தது. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

மாமா, அதுவரை ஒவ்வொரு ஆடியிலும் நான் பார்த்தது வெறும் மணல்தான். அம்மனோடு நடந்து வருகிறவர்களை விட்டால் சைரன் சுற்றுகிறவர் மட்டும்தான் படுப்பதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. ஆற்று மணல் முழுக்க ஜனம். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், கழன்று போன செருப்புகள், அம்மா கைக்கு அடியில் குழந்தை. ஒருத்தரும் அசையவில்லை. யார் ஊர்க்காரர், யார் காலனிக்காரர் என்று முதுகைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்குக் குண்டு விழுந்திருந்தால் நம் ஊர் இப்படித்தான் கிடந்திருக்கும்.

இதையா நீங்கள் ஒவ்வொரு வருஷமும் தனியாக நின்று பார்த்தீர்கள்? அந்தச் சமையல்காரர் விஷயத்தைச் சொன்ன நாளிலிருந்து, சண்டை முடிகிற வரைக்கும், சைரன் சுற்றிய ஒவ்வொரு தடவையும் இவர்கள் எழுந்திருப்பார்களா என்று நினைத்துக்கொண்டே நின்றீர்களா? யாரிடமாவது சொன்னீர்களா? அத்தையிடமாவது?

நடுவில் பிளேன் வந்தது. அதன் மேல் அம்மன் எல்லாரையும் பார்த்துக்கொண்டே நடுவில் புகுந்து போனாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவள் கரை ஏறியதுகூட எனக்குத் தெரியவில்லை. சின்ன மாமா மணலிலிருந்து கத்தினார், அதையும் மைக் ஊருக்கே சொன்னது: "எம்மா சுமதி, எழுப்பும்மா! எறும்பு கடிக்குது!"

சீராகச் சுற்றினேன். ஒரே சத்தமாக, எங்கேயும் இறங்கவிடாமல்.

ஒரு தலை நிமிர்ந்தது. அப்புறம் இரண்டு. குழந்தைகள் துள்ளி எழுந்தன. ராகவன் சார் கண்ணாடியைத் தேடினார். பெண்கள் கொண்டையைத் தட்டினார்கள், ஒருத்தரை ஒருத்தர் திட்டினார்கள், கூழுக்கு ஓடினார்கள். உங்கள் பிள்ளை எழுந்தார், மூக்கு முழுக்க மணல். நான் கைப்பிடியை விடவில்லை. அத்தை எழுந்திருக்கிற வரைக்கும் விடவில்லை. பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு, முட்டியைத் திட்டிக்கொண்டு, எல்லாருக்கும் கடைசியில் அத்தை எழுந்து நின்றார்கள். ஒவ்வொரு வருஷமும் திருவிழா முடிந்து வீட்டுக்கு வந்ததும் பசி பசியென்று நீங்கள் அப்படிச் சாப்பிட்டு, கண்ணில் பட்டவர் தோளையெல்லாம் தட்டிச் சிரித்தது எதற்கு என்று எனக்கு அப்போது புரிந்தது. நானும் அன்றைக்கு மூன்று சொம்பு கூழ் குடித்தேன்.

எல்லாரும் எழுந்துட்டாங்க, மாமா. ஒருத்தர் பாக்கியில்லாமல் எழுந்துட்டாங்க. அடுத்த ஆடிக்கும் அதற்கடுத்த ஆடிக்கும் நானே நின்று பார்த்துக் கடைசி ஆளையும் எழுப்பிவிட்டுத்தான் கைப்பிடியை விடுவேன். ஊரையெல்லாம் படுக்கவைத்துவிட்டு நீங்கள் ஒருத்தர் மட்டும் இத்தனை வருஷம் நின்றுகொண்டே இருந்தீர்கள். இனி நீங்கள் நிம்மதியாகப் படுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்கும் உங்கள் சைரனுக்கும் மருமகள்,
சுமதி